சிங்களக் கைவினையும் தில்லைக் கூத்தும்: ஆனந்த குமாரசுவாமியின் வாழ்வு (1877–1947)

தமிழில் ஆனந்த குமாரசுவாமியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நடராசர் திருவுருவத்திலிருந்தே தொடங்குகின்றனர். ஆடவல்லானின் தத்துவத்தை மேலைநாட்டாருக்கு விளக்கிக் காட்டிய தமிழர் என்பதே தமிழுலகம் அவருக்கு வழங்கிவரும் அடையாளம். கலாயோகி என்னும் அடைமொழியும் அவ்வடையாளத்தை ஒட்டியதே. அது பொய்யன்று, ஆனால் அது அவருடைய வாழ்வை நடுவிலிருந்து சொல்லத் தொடங்குவதாகும். 'சிவ நடனம்' என்னும் கட்டுரை வெளிவந்த ஆண்டு 1912. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அவர் தம் முதற் பெருநூலை வெளியிட்டிருந்தார். அந்நூல் தமிழர் கலையைப் பற்றியதன்று. கண்டி நாட்டுச் சிங்களக் கைவினைஞரைப் பற்றியது. சைவத் தமிழ்க் குடியில் பிறந்த ஒருவர் பௌத்தச் சிங்களரின் கலையை விரிவாக எழுதினார் என்னும் செய்தியைத் தமிழ்க் கட்டுரைகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஒரு மக்களின் கலை வழியாக மற்றொரு மக்கள் அவர்களை அறிந்துகொள்வது எவ்வாறு என்னும் வினாவுக்கு அவர் கண்ட விடை அந்நூலில்தான் உருப்பெற்றது. பின்னாளில் அவர் ஆற்றிய பணியின் வலிமையும் அதன் குறையும் அந்த விடையோடு தொடர்புடையவை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தந்தையும் மகனும்

ஆனந்த குமாரசுவாமியின் தந்தை சர் முத்துக்குமாரசுவாமி இலங்கைச் சட்டவாக்க சபையில் தமிழர் சார்பில் உறுப்பினராக இருந்தவர். இங்கிலாந்தில் சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனவர். 1874-இல் சர் பட்டம் பெற்றவர். பொன்னம்பலம் இராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும் அவருடைய தமக்கை வழி மருமக்கள். அவருடைய அரசியற் பணியைவிட இங்கு நமக்கு முதன்மையானவை அவர் செய்த மொழிபெயர்ப்புகள். அரிச்சந்திரன் கதையைக் கூறும் தமிழ் நாடகத்தை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்து 1863-இல் இலண்டனில் வெளியிட்டார். பதினொரு ஆண்டுகளுக்குப் பின், 1874-இல், பாலி மொழியிலுள்ள சுத்த நிபாதத்தையும் புத்தரின் பல்லின் வரலாறு கூறும் தாதாவம்சத்தையும் ஆங்கிலத்தில் தந்தார். சைவர் ஒருவர் பௌத்த நூல்களை உலகுக்கு எடுத்துச் சென்றது அக்குடும்பத்தில் மகனின் காலத்தில் தொடங்கியதன்று.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்த எலிசபெத் கிளே பீபியை முத்துக்குமாரசுவாமி மணந்தார். 1877 ஆகஸ்டு 22-ஆம் நாள் கொழும்பில் ஆனந்தர் பிறந்தார். 1879-இல் தாயும் குழந்தையும் இங்கிலாந்து சென்றனர். அவர்களைச் சேரப் புறப்பட இருந்த தந்தை அவ்வாண்டு மே மாதம் கொழும்பிலேயே காலமானார். குழந்தைக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை. ஆகவே ஆனந்தருக்குத் தந்தையின் மொழியோ, வழிபாடோ, சுற்றமோ வீட்டில் வாய்க்கவில்லை. தந்தையின் உலகத்தைப் பின்னாளில் அவர் நூல்கள் வழியாகவும் பயணங்கள் வழியாகவும் தாமே தேடிக் கண்டடைய வேண்டியிருந்தது. அவர் எழுத்தில் காணப்படும் மரபுப் பற்று பிறப்பால் கிடைத்ததன்று, முயன்று ஈட்டியது என்பதை மறந்தால் அவரைப் பற்றிய பல மதிப்பீடுகள் பிழைபட்டுவிடும்.

குளோஸ்டர்சயரிலுள்ள வைக்ளிஃப் கல்லூரியில் பள்ளிக் கல்வி. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும். 1900-இல் பட்டம் பெற்றார். 1902-இல் எத்தெல் மேரி பார்ட்ரிஜை மணந்து, இலங்கையின் கனிம ஆய்வுப் பணிக்கு வந்து, அதன் இயக்குநரானார். 1904-இல் அவர் கண்டெடுத்த கனிமம் தோரியனைட் என்னும் பெயரில் அறிவியல் உலகில் இடம்பெற்றது. 1906-இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் அளித்தது. அவர் அப்பாதையிலேயே சென்றிருந்தாலும் புகழ் பெற்றிருப்பார்.

கண்டி நாட்டில்

நிலவியலாளரின் பணி அவரை ஊர் ஊராக அழைத்துச் சென்றது. கல்லையும் மண்ணையும் தேடிச் சென்றவர் தட்டாரையும் கொல்லரையும் பாய் முடைவோரையும் அரக்கு வேலை செய்வோரையும் கண்டார். ஒரு பாறைத் துண்டு எங்கே கிடைத்தது, எந்த அடுக்கில் கிடைத்தது, அருகில் வேறென்ன இருந்தது என்று குறித்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு உண்டு. அதே பழக்கத்தை ஒரு வெற்றிலைப் பெட்டியிடத்தும் பாக்குவெட்டியிடத்தும் கைக்கொண்டார். அழகிய பொருளைக் கண்டு வியந்து எடுத்துச் செல்லும் சேகரிப்பாளரின் பார்வைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. எத்தெல் ஒளிப்படங்கள் எடுத்தார். பின்னாளில் எத்தெல் மைரே என்னும் பெயரில் இங்கிலாந்தின் கைத்தறி நெசவிலும் இயற்கைச் சாயத்திலும் முன்னோடியாகப் போற்றப்பட்டவர் இவரே. அக்கலைஞருக்குக் கண்டி நாட்டு ஊர்களும் ஒரு பள்ளிக்கூடமாக அமைந்தன எனலாம்.

பயணம் ஒன்றில், பொருந்தாத ஐரோப்பிய உடையணிந்து வந்த உள்நாட்டுத் தாயையும் மகனையும் கண்டபோது அவர் உள்ளம் வருந்தியது. 'இரவல் இறகுகள்' என்னும் பொருள்படும் தலைப்பில் 1905-இல் அவர் எழுதிய சிறு வெளியீடு அவ்வருத்தத்திலிருந்து பிறந்தது. அதே ஆண்டில் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு திறந்த மடல் எழுதி, பழைய கட்டடங்களும் கைத்தொழில்களும் அழிவதைத் தடுக்குமாறு வேண்டினார். ஐரோப்பியப் பழக்கங்களைச் சிந்தியாது பின்பற்றுவதை எதிர்ப்பதற்கென இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் தோன்றிற்று. அவர் அதன் தலைவரானார். சங்கத்தின் இதழாகிய 'சிலோன் நேஷனல் ரிவ்யூ' 1906 முதல் வெளிவந்தது. சிங்களரும் தமிழரும் ஒரே மேடையில் தாய்மொழிக் கல்வியைப் பற்றிப் பேச முடிந்த காலம் அது. உடையைப் பற்றிய அவருடைய கண்டிப்பு இன்று படிப்பவருக்குச் சற்று மிகையாகத் தோன்றக்கூடும். ஆங்கிலத் தாய்க்குப் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த இளைஞர் ஒருவர், ஓர் ஏழைப் பெண்ணின் உடைத் தேர்வைக் குறைகூறலாமா என்னும் வினாவும் எழக்கூடும். அவ்வினா நியாயமானதே. அவர் பிறரைக் குறைகூறியதோடு நிற்காமல், அப்பெண் கைவிட்ட உலகத்தை முழுமையாக எழுதி வைக்கும் பணியைத் தாமே மேற்கொண்டார் என்பதையும் உடன்வைத்து எண்ண வேண்டும்.

1907-இல் இங்கிலாந்து திரும்பி, பிராட் காம்ப்டன் என்னும் சிற்றூரில், கட்டடக் கலைஞர் ஆஷ்பீ புதுப்பித்துத் தந்த நார்மன் சேப்பல் என்னும் பழைய வீட்டில் குடியேறினார். வில்லியம் மாரிஸ் தம் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் சாசரின் நூலை அச்சிடப் பயன்படுத்திய கை அச்சுப்பொறி அப்போது ஆஷ்பீயின் எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்தின் வசம் இருந்தது. அப்பொறியிலேயே, 1907 செப்டம்பர் முதல் 1908 டிசம்பர் வரை, குமாரசுவாமியின் நேரடி மேற்பார்வையில் 'இடைக்காலச் சிங்களக் கலை' அச்சாயிற்று. அச்சான படிகள் 425. கைவினையைப் பற்றிய நூல் கைவினைப் பொருளாகவே வர வேண்டும் என்பது அவர் விருப்பம்.

நூலின் பெயரில் இடைக்காலம் என்ற சொல் இருப்பினும், அது பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டில் எஞ்சியிருந்த கலைகளையே பேசுகிறது. கல், மரம், தந்தம், இரும்பு, பித்தளை, பொன், வெள்ளி, அரக்கு, மண், நூல், பாய் என ஒவ்வொரு பொருளாக அவர் எடுத்துக்கொள்கிறார். ஆனால் நூல் பொருள்களிலிருந்து தொடங்கவில்லை. கண்டிச் சமுதாயத்தின் அமைப்பு, கைவினைஞர்க்கு அரசன் அளித்த நிலம், அந்நிலத்துக்கு ஈடாக அவர்கள் ஆற்றிய ஊழியம், குடிகளின் படிநிலை ஆகியவற்றை முதலில் விளக்கிய பின்னரே பொருள்களுக்கு வருகிறார். செய்தவன் யார், யாருக்காகச் செய்தான், எந்த உரிமையில் செய்தான் என்பது தெரியாமல் ஒரு பொருளின் அழகைப் பற்றிப் பேசுவது வீண் என்பது அவ்வமைப்பிலிருந்தே விளங்கும்.

புத்தர் உருவத்துக்குக் கண் எழுதும் நேத்திர மங்கல்யச் சடங்கை அவர் விவரித்துள்ள பகுதி இவ்வகையில் சிறந்தது. உருவம் முழுமையும் முடிந்த பின், குறித்த நல்வேளையில், ஓவியன் கண்ணாடியில் நோக்கியவாறே விழிகளைத் தீட்டுகிறான். கண் எழுதப்படும் வரை அது வெறும் வேலைப்பாடு. எழுதப்பட்ட பின் வழிபடு பொருள். கோயில் திருமேனிகளுக்குத் தபதி கண் திறக்கும் நயனோன்மீலனச் சடங்கை அறிந்த தமிழ் வாசகருக்கு இதன் உறவு உடனே புலப்படும். குமாரசுவாமி அவ்வுறவைக் கொண்டு எது மூலம், எது வழி என்று வாதிடப் புகவில்லை. சாரிபுத்திரம், ரூபாவலி முதலிய சிற்ப நூல்களைக் கைவினைஞர் சமற்கிருதத்தில் வைத்திருந்து சிங்கள உரையோடு பயன்படுத்திய முறையை எடுத்துக்காட்டுகிறார். தென்னிந்தியாவிலிருந்து குடிபெயர்ந்து சிங்களராகவே மாறிவிட்ட கைவினைக் குடிகளைப் பற்றிய செய்தியும் நூலில் உண்டு. அந்நூல் பேசும் பதினெட்டாம் நூற்றாண்டுக் கலை செழித்த காலத்தில் கண்டியை ஆண்டவர்கள் மதுரை நாயக்கர் உறவுடைய அரசர்கள். 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் தென்னாட்டுக் குடியில் வந்தவன்; சயாமிலிருந்து பிக்குகளை வரவழைத்துப் பௌத்தத் துறவு நெறியை மீட்டெடுத்தவனும் அவனே. தெகல்தொருவைக் குகையின் ஓவியங்கள் அவன் காலத்தவை. எனவே சிங்களக் கலையின் மிகத் தூய வடிவம் என்று கருதப்படுவதே இரு மக்களின் கூட்டு வாழ்வில் விளைந்தது. நூலாசிரியர் இதை முழக்கமாக்கவில்லை. சான்றுகளை அவற்றுக்குரிய இடங்களில் வைத்துச் சென்றுவிட்டார்.

இலண்டன் கூட்டம், வடநாட்டுப் பயணங்கள்

1910 சனவரியில் இலண்டன் கலைச் சங்கக் கூட்டமொன்றில் இந்தியக் கலையைப் பற்றி ஹாவெல் உரையாற்றினார். தலைமை தாங்கிய சர் ஜார்ஜ் பேர்ட்வுட், சாவகத்துப் புத்தர் உருவம் ஒன்றைக் காட்டி, கொழுப்பிட்டு வேகவைத்த மாவுப் பண்டத்தோடு அதை ஒப்பிட்டு, இந்தியாவில் நுண்கலை என்பதே இல்லை என்னும் தம் கருத்தை வலியுறுத்தினார். பேர்ட்வுட் இந்தியாவை வெறுத்தவர் அல்லர்; இந்தியக் கைத்தொழில்களைப் புகழ்ந்து நூல் எழுதியவர். விரிப்பையும் குடத்தையும் போற்றிய ஒருவரால் புத்தர் உருவத்தைக் காண முடியவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. பயனும் பொருளும் அறியாத போற்றுதல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று குமாரசுவாமிக்குக் கிடைத்திருக்க முடியாது. அக்கூட்டத்தின் எதிரொலியாக அவ்வாண்டே இந்தியச் சங்கம் இலண்டனில் தோன்றிற்று. ஹாவெல், ஓவியர் ரோதன்ஸ்டைன் ஆகியோருடன் குமாரசுவாமியும் அதில் முன்னின்றார்.

இதே ஆண்டுகளில் அவர் வடஇந்தியா முழுவதும் பயணம் செய்து ஓவியங்களைத் திரட்டினார். 1910–11-இல் அலகாபாத்தில் நடந்த பொருட்காட்சியில் கலைப் பகுதியின் பொறுப்பை ஏற்றார். சுதேசி இயக்கத்துக்கு அவர் ஆதரவாளர். ஆயினும் அதன் தலைவர்களோடு அவருக்கு ஒரு வழக்கு இருந்தது. அயல்நாட்டுத் துணியை விலக்கிவிட்டு, அதே அயல்நாட்டு வடிவங்களை உள்நாட்டு ஆலையில் செய்து விற்பதில் என்ன சுதேசியம் இருக்கிறது என்று அவர் கேட்டார். தாம் திரட்டிய ஓவியங்களைக் காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகத்துக்கு முதலாகத் தர முன்வந்தார். ஏற்று நடத்த எவரும் முன்வரவில்லை. அவ்வோவியங்கள் இன்று பாஸ்டனில் உள்ளன.

அப்பயணங்களின் பயன் 1916-இல் வெளிவந்த 'இராசபுத்திர ஓவியம்' என்னும் இரு தொகுதி நூல். அதுவரை முகலாய ஓவியங்களோடு ஒன்றாகக் கருதப்பட்டுவந்த ஒரு பெரும் மரபை அவர் தனியே பிரித்துக் காட்டினார். அந்தப் பிரிப்பில் ஒரு மிகையும் நுழைந்தது. இராசபுத்திர ஓவியம் இந்துச் சமயத்தின் உள்ளுணர்வையும் பொதுமக்கள் வாழ்வையும் காட்டுவது என்றும், முகலாய ஓவியம் அரசவை சார்ந்து உலகியலைக் காட்டுவது என்றும் அவர் கோடு கிழித்தார். பிந்தைய ஆய்வுகள் அக்கோட்டை ஏற்கவில்லை. பி. என். கோஸ்வாமி மலைநாட்டு ஓவியக் குடும்பங்களின் வழிமுறைகளை ஆராய்ந்து, ஓவிய நடையை முடிவு செய்வது அரசோ மதமோ அன்று, ஓவியர் குடும்பமே என்று நிறுவினார். அத்தகைய குடும்பங்கள் முகலாய நடையையும் நன்கறிந்தவை.

கண்டியில் ஒவ்வொரு கைவினைஞனின் குடியையும் நிலத்தையும் ஊழியத்தையும் கேட்டறிந்தவர் இங்கு ஏன் அவ்வாறு கேட்கவில்லை? ஓவியங்கள் அவருக்குச் சந்தையிலும் செல்வர் வீடுகளிலும் கிடைத்தன. வரைந்தவர்களின் பட்டறைகளுக்குள் அவர் சென்றது குறைவு. தம் முறையை அவர் கைவிட்ட இடத்தில்தான் அவர் முடிவும் தவறியது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. சிங்களரையும் தமிழரையும் இணைத்துக் காணும் சான்றுகளைத் திரட்டிய அதே கை, வடநாட்டில் இந்துவையும் முசுலிமையும் பிரிக்கும் கோட்டை வரைந்தது. அவரைப் போற்றும் கட்டுரைகள் இதைச் சொல்லாமல் விடுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. பின்னாளில், 1930-இல், பாஸ்டன் அருங்காட்சியகத்தின் முகலாய ஓவியங்களுக்கு அவரே பட்டியல் தொகுத்தார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

கூத்தும் இசையும் அபிநயமும்

எத்தெலுடனான மணவாழ்வு முறிந்தபின் அவர் அலிஸ் ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலப் பாடகியை மணந்தார். அவர் கபூர்தலாவைச் சேர்ந்த அப்துல் ரகீமிடம் இந்துஸ்தானி இசை பயின்று, ரத்தன் தேவி என்னும் பெயரில் இலண்டனிலும் அமெரிக்காவிலும் பாடினார். இந்தியப் பாடல்களை மேலைச் சுரக் கோப்புக்கு மாற்றி இனிமையூட்டிப் பாடுவது அக்காலத்தில் வழக்கம். ரத்தன் தேவி அவ்வாறு செய்யாமல், தரையில் அமர்ந்து தம்புராவை மீட்டி, கற்ற முறையிலேயே பாடினார். இருவரும் சேர்ந்து வெளியிட்ட பஞ்சாப், காசுமீரப் பாடல்களின் தொகுப்புக்குத் தாகூர் முன்னுரை எழுதினார். கேட்பவருக்கு ஏற்பக் கலையை வளைக்காமல் கேட்பவரைக் கலைக்கு அழைத்து வருவது கடினமான வழி; அவ்வழியையே இருவரும் தேர்ந்தனர்.

'சிவ நடனம்' முதலில் வெளிவந்தது சென்னையிலிருந்து வந்த 'சித்தாந்த தீபிகை' இதழில், 1912-இல். அது மேலைநாட்டாருக்காக மட்டும் எழுதப்பட்டதன்று. சைவ சித்தாந்தம் பயின்ற வாசகர் படித்த இதழிலேயே தொடங்கியது. திருமந்திரம், உண்மை விளக்கம், திருவருட்பயன் முதலிய நூல்களின் துணைகொண்டு, உடுக்கையும் தீயும் அபய கரமும் ஊன்றிய திருவடியும் தூக்கிய திருவடியும் எவ்வெத் தொழிலைக் குறிக்கின்றன என்று அவர் விளக்கினார். அந்நூல்களை அறிய ஜே. எம். நல்லசுவாமி பிள்ளையின் ஆங்கில மொழிபெயர்ப்புகளே அவருக்குப் பெரிதும் உதவின. தமிழ் மூலங்களை அவர் நேரே ஆழக் கற்றவர் என்று எழுதுவது மிகை. ஆனால் கண்டியில் கையாண்ட முறை இங்கும் தொடர்ந்தது. வெண்கலத் திருமேனியின் அளவையும் அழகையும் முன்னிறுத்தாமல், அதைச் செய்வித்த அடியவர் அதில் என்ன கண்டனர் என்பதை அவர்களுடைய நூல்களைக் கொண்டே சொன்னார். பேர்ட்வுட் புத்தர் உருவத்தைப் பார்த்ததற்கும் குமாரசுவாமி நடராசரைப் பார்த்ததற்கும் இடையிலுள்ள தொலைவு இதுதான்.

பொலன்னறுவையில் அகழ்ந்தெடுக்கப்பட்ட நடராசர் முதலிய சைவ வெண்கலங்கள் கொழும்பு அருங்காட்சியகத்துக்கு வந்திருந்த காலம் அது. 1914-இல் அவ்வருங்காட்சியகத்தின் வெண்கலங்களைப் பற்றி அவர் தனி நூல் எழுதியபோது, புத்தர் திருமேனிகளும் சைவத் திருமேனிகளும் ஒரே நூலில், ஒரே மதிப்போடு இடம்பெற்றன. நடராசர் கட்டுரை 1918-இல் நியூயார்க்கில் வெளிவந்த பதினான்கு கட்டுரைகளின் தொகுப்புக்கே பெயராயிற்று. 1921-இல் பாரிசில் வெளிவந்த 'ஆர்ஸ் ஆசியாட்டிகா' தொகுதியில் சிற்பி ரோதன் நடராசரைப் பற்றி எழுதிய குறிப்பும் குமாரசுவாமியின் எழுத்தும் இணைந்து வந்தன. ஜெனீவாவிலுள்ள செர்ன் இயற்பியல் ஆய்வகத்துக்கு இந்திய அரசு அளித்து 2004-இல் நிறுவப்பட்ட நடராசர் உருவத்தின் அருகே பொறிக்கப்பட்டிருப்பதும் அவர் கருத்தே.

நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணத்தை அவர் துக்கிராலா கோபாலகிருஷ்ணய்யாவுடன் இணைந்து மொழிபெயர்த்தார். ஆந்திரத்து விடுதலைப் போராட்டத்தில் பின்னர்ப் புகழ்பெற்றவர் இந்தக் கோபாலகிருஷ்ணய்யா. மேலை நாடக மேடையைச் சீர்திருத்த முயன்ற கோர்டன் கிரெய்க் இந்திய நாடக முறையைப் பற்றி ஆவலோடு கேட்டுவந்தது அம்மொழிபெயர்ப்புக்கு ஒரு தூண்டுகோல். 1917-இல் ஆர்வர்டு பல்கலைக்கழக அச்சகம் அதை வெளியிட்டது. சதிராட்டத்தை இழிவெனக் கருதிய இயக்கம் சென்னை மாகாணத்தில் வலுப்பெற்றிருந்த காலம் அது. சென்னை மியூசிக் அகாதெமி தன் மேடையில் முதன்முதலாக ஆட்டத்துக்கு இடம் தந்தது 1931-இல்தான். அந்நூல் ஆட்டத்தைக் காப்பாற்றியது என்று சொல்ல இயலாது. காப்பாற்றியவர்கள் ஆட்டக் குடும்பத்துப் பெண்களும் நட்டுவனார்களும். ஆனால் கற்றோர் இழிவென்றதை இலக்கணமுடைய கலையென்று காட்டும் நூல் ஒன்று அவ்விருண்ட ஆண்டுகளில் ஆங்கிலத்தில் இருந்தது.

போரும் பாஸ்டனும்

முதல் உலகப் போரில் பிரிட்டன் கட்டாயப் படைச் சேர்க்கையைக் கொண்டுவந்தபோது, இந்தியா விடுதலை பெறாத நிலையில் பிரிட்டிஷ் படையில் சேர இயலாது என்று அவர் மறுத்தார். 1916-இல் ரத்தன் தேவியின் இசைப் பயணத்தோடு அமெரிக்கா சென்றார். அடுத்த ஆண்டு, டென்மன் ராஸ் என்னும் அமெரிக்கக் கலைப் புரவலர் அவருடைய சேகரிப்பை வாங்கிப் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். அங்கு இந்தியக் கலைப் பகுதிக்குக் குமாரசுவாமி காப்பாளரானார். எஞ்சிய முப்பது ஆண்டுகளும் அங்கேயே கழிந்தன. போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அவர் எழுதிய கட்டுரைகளில், உலக மக்களின் உயர்ந்த சிந்தனைகள் எந்த நாட்டுக்கும் தனியுடைமையல்ல, மாந்தர் அனைவருக்கும் பொதுவான மரபுரிமை என்னும் கருத்து அழுத்தம் பெற்றது.

எனினும் பண்பாடுகளின் சந்திப்பு என்று எது சொல்லப்பட்டாலும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. புத்தர் உருவம் காந்தாரத்தில் கிரேக்கத் தாக்கத்தால் பிறந்தது என்று ஃபூஷே நிறுவியிருந்தார். கிழக்கும் மேற்கும் கைகோத்த அழகிய கதையாக அது ஐரோப்பாவில் விரும்பப்பட்டது. குமாரசுவாமி 1927-இல் எழுதிய 'புத்தர் உருவத்தின் தோற்றம்' அதை மறுத்தது. மதுரா நகரத்துச் சிற்பிகள் யட்சர் உருவங்களைச் செய்துவந்த மரபிலிருந்தே அங்குப் புத்தர் உருவமும் எழுந்தது என்று அவர் வாதிட்டார். கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் மற்றவர் என்று முன்பே முடிவு செய்யப்பட்ட சந்திப்பு, சந்திப்பாகாது. அவ்விவாதம் இன்றும் முழுமையாக முடியவில்லை. ஆனால் மதுராவை விட்டுவிட்டு எவரும் இன்று அவ்வரலாற்றை எழுதுவதில்லை.

1930-க்குப் பின் அவர் எழுத்து மாறியது. வேதங்களும் பௌத்த நூல்களும் பிளேட்டோவும் மைஸ்டர் எக்கார்ட்டும் தாமஸ் அக்குவினாசும் ஒரே பக்கத்தில் வரத் தொடங்கினர். எல்லா மரபுகளின் கலைக் கொள்கையும் அடிப்படையில் ஒன்றே என்று காட்ட முற்பட்டார். ஆங்கிலச் சிற்பி எரிக் கில் கத்தோலிக்கர். தம் சிந்தனையில் குமாரசுவாமி செலுத்திய ஆழ்ந்த செல்வாக்கைத் தம் தன்வரலாற்றில் வெளிப்படையாக எழுதியுள்ளார். கிறித்துவக் கலையின் பழைய நெறியை ஒரு கிறித்துவர் கீழை நாட்டு அறிஞரிடமிருந்து உணர்ந்துகொண்டது சிறிய செய்தியன்று.

ஆயினும் இப்பிற்கால நூல்களில் கண்டி நூலின் ஊர்களும் பெயர்களும் இல்லை. மரபு என்னும் சொல் எல்லாவற்றையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. கைவினைஞன் தன் குலத்தொழிலில் நிறைவு கண்டான் என்று அவர் எழுதும்போது, அக்குலத்தை விட்டு வெளியேற விரும்பியவனின் குரல் அங்கு இல்லை. சாதி அமைப்பை அவர் தொழில் ஒழுங்காகவே பெரும்பாலும் கண்டார். அதன் கொடுமை அவர் எழுத்தில் உரிய இடம் பெறவில்லை. தமிழ்நாட்டிலிருந்து அவரைப் படிக்கும் எவரும் இதைக் காணாமல் இருக்க முடியாது.

1941-இல் அமெரிக்க அருங்காட்சியகச் சங்கத்தினர்முன் அவர் ஆற்றிய உரை, கலைப் பொருள்களை ஏன் காட்சிக்கு வைக்க வேண்டும் என்னும் வினாவைத் தலைப்பாகக் கொண்டது. வாழ்நாளில் பல ஆண்டுகளை அருங்காட்சியகத்தில் கழித்தவர் கேட்ட வினா அது. காட்சிப் பெட்டிக்குள் இருக்கும் எந்தப் பொருளும் அதற்காகச் செய்யப்பட்டதன்று. அதைச் செய்தவர் வாழ்வில் அதற்கிருந்த பயனையும் பொருளையும் பார்வையாளருக்குச் சொல்ல முடியாவிட்டால் காட்சிக்கு வைப்பதில் பொருளில்லை என்பது அவர் வாதம். முப்பது ஆண்டுகளுக்கு முன், தாம் திரட்டியவற்றைக் காசியில் வைக்க இடம் கேட்டுப் பெறாதவரின் சொற்கள் என்பதை நினைந்து அவ்வுரையைப் படித்தால் அதன் தொனி வேறாகக் கேட்கும்.

1947 ஆகஸ்டு 22-ஆம் நாள், இந்தியா விடுதலை பெற்ற ஒரு வாரத்தில், அவருக்கு எழுபது வயது நிறைந்தது. நண்பர்கள் பாஸ்டனில் விருந்தளித்தனர். பணியிலிருந்து ஓய்வு பெற்று, மனைவி லூயிசாவுடன் இந்தியா சென்று இமயமலைப் பகுதியில் எஞ்சிய நாள்களைக் கழிக்கப்போவதாக அவர் அங்கு அறிவித்தார். செப்டம்பர் 9-ஆம் நாள், மாசச்சூசெட்ஸ் மாநிலத்து நீடம் நகரில், தம் வீட்டில் காலமானார். அவரைப் பற்றிய நினைவுகளையும் கடிதங்களையும் கட்டுரைகளையும் பல்லாண்டு தேடித் திரட்டித் தொகுதிகளாக வெளியிட்டவர் மலாயாவின் குவாந்தனில் வாழ்ந்த எஸ். துரைராஜசிங்கம். அவருடைய தொகுதிகளின்றி இன்று குமாரசுவாமியின் வாழ்வை எழுதுவது அரிது.

'இடைக்காலச் சிங்களக் கலை' அவர் வாழ்ந்த காலத்தில் மறுபதிப்புப் பெறவில்லை. 425 படிகளும் அரிய நூல்களாகிவிட்டன. ஆசிரியரின் திருத்தங்களையும் சேர்த்து இரண்டாம் பதிப்பை நியூயார்க்கின் பாந்தியன் நிறுவனம் வெளியிட்டது. அது வெளிவந்த ஆண்டு 1956. அவ்வாண்டு சூன் மாதத்தில் இலங்கை நாடாளுமன்றம் தனிச் சிங்களச் சட்டத்தை நிறைவேற்றியது.